ஏலக்காய்ச் சட்டிக்குள் கரகரப் பெட்டி

ஹரிணி, கவின்,

உங்கள் அம்மாவைப் பற்றி இந்த வாரம் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று அடுப்படியில் நின்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் அவள் போடிமெட்டு மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு ஜீப்பை நிறுத்தச் சொன்ன கதையை எழுதினேன் அல்லவா? அதற்கு நான்கு நாள் ரசத்தில் உப்பு இல்லை. ஐந்தாம் நாள் உப்பு இருந்தது, ரசம் இல்லை.

அதனால் இந்த வாரம் உன் முறை, ஹரிணி. கவின், நீ ரொம்பச் சிரிக்காதே.

ஹரிணி, நீ ஒரு வருடமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். "அப்பா, அந்தப் பெட்டிய ஆட்டுனா உள்ள என்னமோ உருளுது. ஸ்க்ரூ ஏதும் கழண்டிருக்கா பாரு." நானும் ஒரு வருடமாக, "அது ஒண்ணுமில்ல ஆத்தா, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே உருள்வது என்ன என்று எனக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு முதலில் பூப்பாறைக்குப் போக வேண்டும்.

பூனை தும்மிய மதியம்

ஓணம் முடிந்த மறுநாள். போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம், ஓர் ஏலக்காய் ஸ்டோரை ஒட்டின தகரக் கூரை ஹால். ஸ்டோர் என்றதும் வெளியூர் வாசகர்கள் பலசரக்குக் கடை என்று நினைக்க வேண்டாம். பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் அதுதான் பெயர்.

ஐந்தரை மணிக்கு விழா. அப்போது மூன்றரை இருக்கும். வாசலில் போட்டிருந்த பூக்கோலம் சாரலில் நனைந்து ஓரம் கலங்கியிருந்தது. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து, காலி நாற்காலிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபக்க ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

நீ மேடையில் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றாய். பக்கத்தில் பாடுவதற்கு உன் கல்லூரித் தோழி ஷீபா. பின்னால் டிரம்மில் அவள் அண்ணன். உன் காலடியில் நான் செய்த பெட்டி. நான் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். 'ஸ்டேஜ் பக்கமே வரக் கூடாது' என்று முந்தின நாளே நீ உத்தரவு போட்டிருந்தாய்.

நீ பெட்டியின் ஸ்விட்சைக் காலால் அமுக்கினாய். தடித்த கம்பியைத் தட்டினாய்.

'ப்ஸ்க்.'

சளி பிடித்த பூனை தும்மினது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி தட்டினாய். மறுபடி பூனை. ஷீபா சிரிப்பை அடக்குவதற்காக மைக்கின் ஒயரை ரொம்பக் கவனமாகச் சுருட்டினாள்.

நீ சிரிக்கவில்லை. ஹால் முழுக்கத் தாண்டி நேராகத் தூணைப் பார்த்தாய். தூண் அவ்வளவு அகலம் இல்லை.

கரகரப்பை விரட்டியவன்

அந்தப் பார்வையை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் போகிறேன். இல்லையென்றால் அந்தப் பூனை எங்கிருந்து வந்தது என்று படிக்கிறவர்களுக்கு விளங்காது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்று உங்கள் அத்தை சொல்வாள். ரெண்டும் ஒன்றுதான். அதன் பிறகு ரேடியோ, டேப், மைக் செட் என்று எது பேசினாலும் அதைத் திறந்து பார்ப்பதே என் சோலி. இந்தச் சோலியில் எனக்கு ஒரே ஓர் எதிரி. கரகரப்பு.

ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்தது. மாப்பிள்ளை பயந்துபோய் முடிச்சை விட்டுவிட்டார். அந்த ஊருக்கு இப்போது போனாலும், "மைக் செட்டு ராசு வந்துட்டாரு, தாலியக் கெட்டியாப் பிடிங்கப்பா" என்பார்கள். அந்த ஒரு சத்தத்தை விரட்ட நான் மாற்றாத ஒயர் இல்லை, வைக்காத பற்றவைப்பு இல்லை.

இப்போது மைக் செட்டுக்கு ஆள் குறைவு. என் பிழைப்பு ஸ்டோர்களில் ஓடுகிறது. உலர்த்தும் அறையில் சூடு ஏறினால் அடுப்புக் காற்றைக் குறைக்கவும், இறங்கினால் கூட்டவும் ஒரு சின்ன போர்டு இருக்கும். மலையில் பல ஸ்டோர்களில் அந்த போர்டு என் கையால் பழுது பார்த்ததுதான். சூட்டைப் பற்றி யாராவது சந்தேகம் கேட்டால் மணிக்கணக்காகப் பேசுவேன்.

இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இதைக் காட்டித்தான் என்னைக் கேலி செய்ய வேண்டும்.

கெடுக்குறதுக்கு ஒரு பெட்டி

அந்த வருடம் ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நீ போடியில் நம் கடைக்கு வந்தாய். சுற்றி வளைக்காமல் கேட்டாய்.

"அப்பா, எனக்கு ஒரு பெட்டி வேணும். கிட்டார் சத்தத்தக் கெடுக்குற பெட்டி."

"கெடுக்கவா?"

"ஆமா. கரகரன்னு ஆக்கணும். ஃபஸ் பெடல்னு பேரு."

"ஏ புள்ள, நாப்பது வயசு தாண்டியும் அதத்தான விரட்டிக்கிட்டுத் திரியிறேன். அதப் போயி பெட்டிக்குள்ள வச்சுக் குடுக்கச் சொல்ற."

கவின், நீ அப்போது மூலையில் உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருந்தாய். வாயில் இருந்ததை முழுங்காமலே சொன்னாய்: "எதுக்குக்கா தனியாச் செய்யணும்? அப்பா ரிப்பேர் பண்ணிக் குடுத்த செட்டு ஒண்ண வாங்கி மாட்டு. அப்பிடித்தான கேக்கும்."

நீ செல்போனில் அந்தச் சத்தத்தைப் போட்டு, இயர்போனை என் காதில் மாட்டிக் கேட்கவைத்தாய். முதலில் எனக்குக் கை பரபரத்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றே தோன்றியது. ரெண்டாம் தடவை கேட்டபோது, கிழிந்த அந்தச் சத்தம் கிழிந்தபடியே நின்று பாடுவது தெரிந்தது. ஒரு கம்பியின் சத்தத்தை அளவுக்கு மேல் தூக்கித் தலையையும் காலையும் வெட்டிவிட்டால் இப்படி ஆகும். அது எனக்குத் தெரிந்த கோளாறுதான். அதை ஆசைப்பட்டுக் கேட்பார்கள் என்பது தெரியாது.

"ஷீபா ஊர்ல ஓண விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்கப்பா. ஒரு பாட்டு நானே போட்டிருக்கேன். மொதல்ல கிட்டார் மட்டும் ஒரே ஒரு சுரத்த நீட்டி இழுக்கும். அது கரகரன்னு நிக்கணும். அதுல இருந்துதான் ஷீபா பாட்ட எடுப்பா. அது இல்லன்னா பாட்டே இல்ல."

போனிலேயே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தாய். ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றாய். அமுக்குவதற்கு விரலைத் தூக்கினாய். அந்த விரலைப் பிடித்தது நான்தான்.

"கடை வச்சிருக்கவன் மக வெளிய வாங்குறதா? நான் செஞ்சு தர்றேன்."

"வேணாம்ப்பா. எனக்கு இதான் மொத ஸ்டேஜு."

"அதனாலதான் சொல்றேன்."

விரலை இழுத்துக்கொண்டாய். பிறகு போனை மூடிவிட்டாய். ஓணம் நெருங்க நெருங்க, வேறு பெட்டி வாங்கும் வழியும் மூடிக்கொண்டே வந்தது. உன் முதல் மேடை என் ஈயப் பற்றவைப்பின் மேல் நின்றது. எனக்கு அது ரெண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

கிட்டாரில் வேளாண்மைச் செய்தி

பெட்டியின் சர்க்யூட் படம் எளிது. ரெண்டு டிரான்சிஸ்டர், ஏழெட்டுச் சில்லறைச் சாமான், ஓர் ஒன்பது வோல்ட் பேட்டரி. கடையில் இருந்த புது டிரான்சிஸ்டர்களை வைத்து அரை நாளில் முடித்தேன். நீ கம்பியைத் தட்டினாய். தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு ஓடுவது போல இருந்தது.

"கரகரப்பு வந்துருச்சுல்ல?" என்றேன்.

"இது கரகரப்பு இல்லப்பா. காது குத்துறது."

கம்பியைக் கையால் பொத்தினாய். சத்தம் நின்றது. நின்ற இடத்தில், கிட்டாருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது: வாழையில் குருத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்துவது எப்படி. நீண்ட ஒயர் ஏரியலாகி, மலை மேல் இருக்கும் ரேடியோ ஸ்டேஷனைப் பிடித்துவிட்டது. கவின் அன்று முழுக்க உன்னைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, வாழைக்கு என்ன மருந்து?" என்று கேட்டான். ஒயரை மாற்றி, அதன் மேலுறையை எர்த்தில் சேர்த்ததும் அந்த அம்மா போய்விட்டார். காது குத்துவது போகவில்லை.

டிரான்சிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்று மிளகாய் வறுத்தது. ஒன்று கொசு. ஒன்று அழுகிற பிள்ளை. பிறகுதான் பழைய ஆட்கள் இதை ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் செய்திருக்கிறார்கள் என்று நீ படித்துச் சொன்னாய். சின்ன உலோகத் தொப்பி போட்ட ஆசாமிகள் அவர்கள். இப்போது கடையில் கிடைக்காது. அந்தக் கால ரேடியோவுக்குள் இருப்பார்கள்.

அந்தக் கால ரேடியோ ஒன்று நம் வீட்டில் இருந்தது. இந்த இடத்தில் வாக்கை மீறித்தான் ஆக வேண்டும்.

உங்கள் அம்மா கல்யாணமாகி வரும்போது, அவளுடைய அப்பாவின் பேசாத ரேடியோவையும் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை ரேடியோ மெக்கானிக் என்பதால் ஓர் ஆசை. "ஒரு வாரத்துல பேச வைக்கிறேன்" என்று அன்றைக்குச் சொன்னேன். ஹரிணி பிறந்தாள், கவின் பிறந்தான், அது பேசவில்லை. அவள் ராசிங்காபுரம் போயிருந்த ஒரு மதியம், பீரோ மேலிருந்து இறக்கித் திறந்தேன். ஆறு தொப்பிக்காரர்கள் வரிசையாக இருந்தார்கள். ரெண்டு பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, மூடித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். தூசியையும் சேர்த்துத் துடைத்தது தப்பாகிவிட்டது.

"ஏங்க, ரேடியோ பளபளன்னு இருக்கு?" என்றாள்.

சொன்னேன்.

"இருவது வருசமா வைத்தியம் பாக்குறேன்னு சொல்லிட்டு, கடைசியில ஈரல உருவிட்டீங்களாக்கும்?"

அந்த ஈரல் ரெண்டையும் போட்டபோது வந்த சத்தத்தை நீ மறந்திருக்க மாட்டாய், ஹரிணி. தடித்து, மெத்தென்று, கொஞ்சம் அழுகை கலந்து. தட்டிய கம்பியை நிறுத்தவே உனக்கு மனமில்லை. உன் அம்மா வாசலில் நின்று கேட்டாள். "எங்கப்பா ரேடியோ இப்பிடித்தான் கடைசியாக் கத்துச்சு" என்றாள். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை.

விரல் சொன்னதை மீட்டர் கேட்டது, நான் கேட்கவில்லை

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தொப்பிக்காரர்களை மீட்டரில் வைத்துச் சோதித்தபோது, விரலால் பிடித்தால் எண் மெல்ல மெல்ல ஏறியது. விட்டால் இறங்கியது. மூன்று தடவை பார்த்தேன். 'மீட்டர் பேட்டரி போயிருக்கும்' என்று சொல்லி, பேட்டரியை மாற்றினேன். அப்போதும் ஏறியது. 'மீட்டரே பழசு' என்று ஒதுக்கி வைத்தேன்.

விரலின் சூட்டுக்கே ஏறுகிறது என்றால் அது என்ன சொல்கிறது? மலை முழுக்கச் சூட்டுக்கு போர்டு பார்க்கிறவனுக்கு அது விளங்கவில்லை.

பெட்டிக்கு உள்ளே, சத்தத்தைச் சரியான இடத்தில் நிறுத்த ஒரு சின்னத் திருகாணி உண்டு. அதை நானும் நீயும் சேர்ந்துதான் வைத்தோம். மதியம் ரெண்டு மணி. கடையின் தகரக் கூரை அப்பளம் பொரிக்கிற பதத்தில் இருந்தது. ஃபேன் காற்றுகூடச் சுட்டது. நான் திருப்ப, நீ "இன்னும், இன்னும், இந்தா, அங்கனயே நிறுத்து" என்றாய். நிறுத்தினேன்.

நிறுத்திவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டோர் போர்டுகளுக்குச் செய்வதையே செய்தேன். சூட்டை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தால், ஸ்டோரில் இருக்கிற ஆளெல்லாம் ஆளுக்கொரு பக்கம் திருகிப் பார்ப்பார்கள். அதனால் திருகாணியின் தலையில் நகப் பாலிஷ் விட்டு, அதன் மேல் கல்லாய் இறுகுகிற பசையை அப்பிவிடுவது என் வழக்கம். உன் பெட்டிக்கும் பாலிஷ், பசை ரெண்டும் போட்டேன். "இனிமே எவனாலயும் இத அசைக்க முடியாது" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த எவனில் நானும் ஒருவன்.

உறைக்குக் கவினின் பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஒயர் சொருகும் ஓட்டைகளில் ஒன்று, டிரில் நழுவியதால் விரல் நுனி போகிற அளவுக்கு அகலமாகிவிட்டது. மூடிக்கு நான்கு ஸ்க்ரூ. "லெமன் சாத வாடை அடிக்குதுப்பா" என்றாய். "மலைக் காத்துல போயிரும்" என்றேன்.

ஜீப்பில்

மெட்டு ஏறும்போது தோட்ட வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரெண்டு அக்காக்கள் நம்மோடு ஜீப்பில் இருந்தார்கள். கிட்டார் உறை ஒருவர் மடியில் பாதி, இன்னொருவர் மடியில் பாதி.

"என்னண்ணே இது, துப்பாக்கியா?"

"கிட்டாரு, அக்கா. எம் மக வாசிக்கப் போகுது."

"நீங்க என்ன வாசிக்கப் போறீங்க?"

நீ முந்திக்கொண்டாய். "எங்கப்பா ஒண்ணும் வாசிக்காது. பின்னாடி நிக்கும். ரொம்பப் பின்னாடி."

"நிக்கச் சொன்ன எடத்துல நிக்கிற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல தாயி" என்றார் அந்த அக்கா. ஜீப்பு முழுக்கச் சிரித்தது. நானும்தான். வளைவு ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. நான் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டேன். எனக்குக் குளிர்ந்தது எனக்குத் தெரிந்தது. டிபன் பாக்ஸுக்குக் குளிரும் என்று தோன்றவில்லை.

சூடா இருக்குப்பா

இப்போது மறுபடி அந்தத் தூணுக்கு வருகிறேன்.

உத்தரவை மறந்து மேடைக்கு ஓடினேன். பேட்டரியை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிப் பற்றவைப்பை நோண்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. திருகாணியைத் திருப்பிப் பார்க்கலாம் என்றால், என் பசை என்னைப் பார்த்துச் சிரித்தது. மூடி முடுக்கினேன்.

"சரிப்பா, வுடு" என்றாய். "ஷீபா, இந்தப் பாட்டு வேணாம். வேற எதாச்சும் பாடிட்டு எறங்கிருவோம்."

நீ கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கிட்டாரைக் கழற்றி உறைக்குள் வைக்க ஆரம்பித்தாய். ஜிப்பை இழுக்கிற சத்தம் அந்தக் காலி ஹாலில் ரொம்ப நீளமாகக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஷீபாவின் அப்பா வந்தார். பக்கத்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற தங்கச்சன் அவர்தான். என் பழைய வாடிக்கை. பாதித் தமிழ், பாதி மலையாளம் பேசுவார்.

"ராசண்ணா, வந்த காலோட ஸ்டோர் போர்ட ஒந்நு நோக்கிட்டுப் போங்க. சூடு கொறயுது."

மறுக்கத் தெம்பில்லை. பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன். உலர்த்தும் அறைக்குள் நுழைந்ததும் ஏலக்காய் வாடையோடு சூடு வந்து முகத்தில் அப்பியது. தட்டுத் தட்டாகக் காய்கள். போர்டில் ஒரு ஒயர் தளர்ந்திருந்தது. பெட்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கால் மணி நேரத்தில் முடுக்கிக் கொடுத்தேன்.

திரும்பி வந்து பெட்டியை உன்னிடம் நீட்டினேன். உறைக்குள் போட்டுக்கொள்ளத்தான் வாங்கினாய். வாங்கிய கை நின்றது.

"இத எங்கப்பா வச்சிருந்த? சூடா இருக்கு."

"ஸ்டோருக்குள்ள."

ஜிப்பைத் திறந்தாய். மாட்டினாய். தட்டினாய்.

வந்தது! கடையில் கேட்ட அதே சத்தம், மெத்தென்று, அழுகையோடு. மூன்று நான்கு நிமிடம் நின்றது. பிறகு மெலிந்து, மறுபடி பூனை.

"அப்பா, நம்ம இத எந்நேரம் ட்யூன் பண்ணோம்?"

"மத்தியானம். கடையில."

"தகரக் கூரைக்குக் கீழ." நீ என்னைப் பார்த்தாய். "இதுக்குக் குளிருதுப்பா."

எனக்கு அந்த மீட்டர் ஞாபகம் வந்தது. விரல் ஞாபகம் வந்தது. தலையில் கட்டியிருந்த துண்டு ஞாபகம் வந்தது. நான் அதை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். குளிரில் வேர்த்திருந்தது.

"மலையில சூட்டுக்கு போர்டு பாக்குற ஆளு யாருப்பா?" என்றாய்.

"கேலிய அப்புறம் பண்ணு புள்ள. இப்ப இதுக்குக் கம்பளி வேணும்."

எட்டு எம்எம் காய்

பெட்டியைச் சூடாகக் கொண்டுவந்தாலும் மேடையில் ஆறிவிடும். உங்கள் பாட்டு மூன்றாவது. வெந்நீர் வைக்கலாம் என்றான் ஷீபாவின் அண்ணன். கரண்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் வேண்டாம் என்றேன். கூடவே வந்திருந்த தங்கச்சன் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

உலர்ந்த காயைத் தட்டிலிருந்து எடுத்ததும், சூட்டோடு தேய்த்துக் காம்பை எடுப்பார்கள். ஆறினால் காம்பு வராது. அப்படித் தேய்க்கக் கொட்டியிருந்த காயில் ஓர் அலுமினியச் சட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். சூடு கையில் தாங்கவில்லை, துண்டைச் சுற்றிப் பிடித்திருந்தார்.

"இதுல பொதச்சு வை. அர மணிக்கூர் ஆறாது."

பெட்டியைக் காய்க்குள் புதைத்தேன். ஸ்விட்சின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. நீ பழக்கத்தில் காலைத் தூக்கினாய்.

"அய்யோ மோளே, சவிட்டல்லே!" தங்கச்சன் அலறியே விட்டார். "எட்டு எம்எம் காயா! முதலாளி கண்டா என்னய உலர்த்திருவாரு."

மலையிலேயே தடித்த, விலை கூடிய காய். அதை மிதிக்கக் கூடாது. உன் ரெண்டு கையும் கிட்டாரில் இருக்கும், மிதிக்காமல் உன்னால் ஸ்விட்சை அமுக்க முடியாது. நீ சட்டியைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். உனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல எவ்வளவு கஷ்டம் என்று உன் மூக்கிலேயே தெரிந்தது.

"நீ மேல வாப்பா."

"பின்னாடி நிக்கச் சொன்னியே?"

"வெரசா வாப்பா!"

தலையாட்டினபோது

ஹால் நிறைந்துவிட்டது. உங்கள் முறை வந்ததும் தங்கச்சன் சட்டியில் சூடான காயைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார். நான் மேடையில் உன் காலுக்குப் பக்கத்தில், சட்டியை அணைத்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். முன் வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "இது எந்தா, பூஜையா?" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நீ குனிந்து என் காதில் சொன்னாய். "நான் தலையாட்டுனா அமுக்கு. மறுபடி ஆட்டுனா ஆஃப் பண்ணு. எண்ணாத. என்னயவே பாரு."

நீ நிமிர்ந்தாய். ஹால் அடங்கியது. உன் கை கம்பியின் மேல் போனது. தலையை ஆட்டினாய். காய்க்கு நடுவே தெரிந்த ஸ்விட்சை விரலால் அமுக்கினேன்.

மழை பெய்த மெட்டு ரோட்டில், லோடு லாரி முதல் கியரில் ஏறுவதைக் கேட்டிருக்கிறீர்களா? நின்றுவிடும் என்று தோன்றும், நிற்காது. மூச்சு வாங்கிக்கொண்டே வளைவில் ஏறும். உன் சுரம் அப்படி ஏறியது. தகரக் கூரை அதிர்ந்தது. ஸ்பீக்கர் பக்கம் என் கை தானாகப் போகப் பார்த்தது, பழக்க தோஷம். அடக்கிக்கொண்டேன். ஷீபா அந்தச் சத்தத்தின் உச்சியில் இருந்து பாட்டை எடுத்தாள்.

சூட்டில் காய் வாடை மேடையெல்லாம் ஏறியது. நீ கண்ணை மூடி வாசித்தாய். நீ சின்னப் பிள்ளையாகக் காய்ச்சலில் தூங்கும்போது பார்த்த முகம் அது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நடுவில் நீ தலையாட்டினாய். நான் அமுக்க மறந்தேன். அடங்க வேண்டிய இடத்திலும் கரகரப்பு ஓடியது. நீ ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாய், பிறகு அதன் மேலேயே வாசித்துக்கொண்டு போனாய். டிரம்மும் உன் பின்னால் வந்துவிட்டது.

கை தட்டினார்கள். தங்கச்சன் கை தட்டவில்லை. சட்டியைத் திரும்ப வாங்கிக் காயை எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது ஜீப்பில் கேட்டாய். "அந்த எடத்துல ஏன்ப்பா ஆஃப் பண்ணல?"

"ஒன்னயவே பாக்கச் சொன்ன. பாத்துக்கிட்டு இருந்தேன்."

ரெண்டு வளைவு போனபிறகு, "இனிமே அந்த எடத்த அப்பிடியே வச்சுக்கிறேன்" என்றாய்.

மறுநாள் காலை

நீங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் கடையைத் திறந்து, ஷட்டரைப் பாதிக்கு மட்டும் தூக்கிவிட்டு, பெட்டியை மேசையில் வைத்தேன். பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும், திருகாணிக்குப் பதில் வெளியே ஒரு குமிழ் வைக்க வேண்டும். பெட்டியின் மேல் ரெண்டு நகப் பாலிஷ் புள்ளிகளுக்கு நடுவே இருக்கிறதே அந்தக் குமிழ், ஒன்று போடிக்கு, ஒன்று மலைக்கு. மலைப் புள்ளியைக் கண்டுபிடிக்கப் பெட்டியை ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்ததும், உங்கள் அம்மா பேசியதும் பிற்பாடு நடந்தவை. வாக்கை ஒரு தடவைக்கு மேல் மீற எனக்குத் தைரியம் இல்லை.

நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் தூக்கினேன். ரெண்டு தொப்பிக்காரர்களுக்கு நடுவில், பச்சை நிறம் மாறாமல், ஓர் ஏலக்காய் கிடந்தது. டிரில் நழுவின அந்த அகல ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது.

கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது உங்களுக்கு மனப்பாடம். செட்டுக்குள் ஒரு தூசு இருக்கக் கூடாது, எறும்பு, பல்லி முட்டை, எதுவும் ஆகாது. பிரஷ்ஷை எடுத்தேன். கீழே வைத்தேன். காயை விரலால் எடுத்து மோந்து பார்த்தேன். லெமன் சாத வாடை போயிருந்தது.

குமிழைப் பொருத்தி முடித்ததும் காயைத் திரும்ப உள்ளே போட்டேன். மூடியை வைத்து நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். தெருவில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பெட்டியைக் காதோரம் வைத்து ஒரே ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன்.